முதலையைக் கரையேற்றிய விதம்

முதல் இடி கேட்டதும் லைஃப்கார்டு விசிலை ஊதினான். நீச்சல் குளத்தில் இருந்தவர்கள் முணுமுணுத்தபடி ஏறி, உடை மாற்றும் கட்டடத்துக்குள் ஓடினார்கள். முதலை மட்டும் ஏறவில்லை.

முதலை என்பது ஒரு பல் டாக்டருக்குக் குளத்து ஊழியர்கள் வைத்த பெயர். சாயங்காலமானால் வந்து நடுவரிசையில் இறங்குவார். எதிரே யார் வந்தாலும் விலக மாட்டார். அவருடைய மகளைத்தான் லைஃப்கார்டு காதலித்தான். அது அவருக்குத் தெரியாது. "அப்பாகிட்ட நானே பக்குவமா சொல்றேன். அதுக்குள்ள நீ வாயைத் திறந்தே, கல்யாணத்தை மறந்துடு" என்று அவள் கறாராகச் சொல்லியிருந்தாள். அந்த அப்பா இப்போது திறந்தவெளித் தண்ணீரில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். வானம் கன்னங்கரேலென்று உறுமியது.

"டாக்டர், வெளிய வாங்க. இடி கேட்டா தண்ணியில இருக்கக் கூடாது."

"மழையே வரல. போ தம்பி."

"மழைக்கு முன்னாடியே மின்னல் விழும் சார்."

"ரப்பர் தொப்பி போட்டிருக்கேன். மின்னல் ஏறாது."

இந்த விஞ்ஞானத்தை வைத்துக்கொண்டு இவர் எப்படி அடுத்தவர் வாயில் கைவிடுகிறார் என்று லைஃப்கார்டுக்கு விளங்கவில்லை. மறுபடி ஊதினான். கெஞ்சினான். மேனேஜரைக் கூப்பிடுவேன் என்றான்.

"கூப்பிடு. அவனுக்கு இன்னும் ரெண்டு கடைவாய்ப்பல் பிடுங்கணும்."

மின்னல் வெட்டியது. மூச்சு விடுவதற்குள் இடி. குதித்து இழுக்கலாம்தான். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்தே வெந்து போவார்கள். மனுஷன் தானாக ஏற வேண்டும். லைஃப்கார்டு காதலியை மனதுக்குள் கும்பிட்டுவிட்டுக் கத்தினான்.

"மாமா! மேல வாங்க மாமா!"

முதலை தலையைத் தூக்கியது. "யாருடா மாமா?"

"நீங்கதான். உங்க பொண்ணைக் கட்டிக்கப் போறவன் நான்தான்."

டாக்டர் விறுவிறுவென்று கரைக்கு நீந்தி வந்து, பாதி ஏணி ஏறி மூச்சு வாங்கினார். அங்கேயே நின்றுவிடுவாரோ என்று இவனுக்குப் பயம்.

"நேத்து உங்க காரைக்கூட நான்தான் ஓட்டினேன். லேசா ஒரு கீறல்."

மீதி ஏணியை அவர் ஏறியது யார் கண்ணிலும் படவில்லை. இவன் ஓட, அவர் துரத்த, இருவரும் கட்டடத்துக்குள் பாய்ந்தார்கள். கதவைச் சாத்தியதுதான் தாமதம், வெளியே எல்லாம் வெள்ளையாகி, விளக்குகள் அணைந்தன. அந்த ஏணியின் கைப்பிடி புகைந்துகொண்டிருந்தது.

ஓங்கிய கையை டாக்டர் மெதுவாக இறக்கினார்.

"கீறல் எங்கடா?"

"அது பொய் சார்."

"பொண்ணு?"

"அது நிஜம்."

"மாறி இருந்திருக்கக் கூடாதா" என்று அலுத்துக்கொண்டு, நடுங்கியபடி ஷவர் பக்கம் போனார்.

"இடி இடிக்கும்போது குளிக்கக் கூடாது. குழாய் வழியா மின்சாரம் வரும்."

"அப்ப துண்டைக் குடு. எப்பத்தான் வெளிய போறது?"

"கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகணும்... மாமா."

"இன்னொரு தடவை சொன்னே, மருந்து போடாமப் பிடுங்கிடுவேன். உட்காரு. சிகரெட் பிடிப்பியா?"

"இல்ல."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. வாயைத் திற."

லைஃப்கார்டு திறந்தான். டாக்டர் செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்து, ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். வெளியே மறுபடி இடித்தது.

"இன்னும் அரை மணி" என்றார், உற்சாகமாக. "அகலமாத் திற."