யாகூபின் பெயரில் ஒரு ரூல்

கணபதியில் இருந்த அந்த பம்பு கம்பெனியின் நெட்வொர்க்கை ஆறு வருடங்களாக யாகூபும் லோகப்பிரியாவும்தான் பார்த்துக்கொண்டார்கள். நெஞ்சுவலியில் யாகூப் இறந்து பன்னிரண்டு நாட்களாகியும், வெளியிலிருந்து நெட்வொர்க்குக்குள் யாரை விடலாம் என்று பார்க்கும் ஃபயர்வாலின் பதிவில் தினமும் காலை எட்டேகாலுக்கு அவர் பெயர் வந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க அம்மணி, இறந்தவரு பேர்ல லாகின் ஆகுதுன்னு ஆடிட்டுக்காரங்க கேக்கறாங்க. இன்னைக்கே எடுத்துப்போடுங்க" என்றார் மேலாளர் பாலுசாமி.

லோகப்பிரியா கோட்டைமேட்டில் யாகூபின் வீட்டுக்குப் போன் செய்தாள். அவர் மனைவி சாயிரா பானு எடுத்தார். காலையில் கம்பெனி லேப்டாப்பைத் திறப்பது யார் என்று லோகப்பிரியா கேட்டாள்.

"எங்க பொண்ணு இஃப்ராதானுங்க தொறக்கறா. அத்தா வேலைக்கு உக்கார்ற நேரம்னு லேப்டாப்பைத் தொறந்து வெச்சுட்டு முன்னாடி உக்காந்திருக்கா. தொறந்தா அதுவே உள்ள போயிருதுங்க, அவ எதையும் தொடறதில்லீங்க. அப்பறம் ஸ்கூலுக்குப் போயிர்றா."

"லேப்டாப்பைத் திருப்பித் தரணுங்க்கா. சாயங்காலம் நானே வாரேன்."

"அதுல போட்டோவெல்லாம் இருக்குதுங்களே."

"காப்பி பண்ணித் தாரேனுங்க."

போனை வைத்துவிட்டு பிரவுசரில் ஃபயர்வாலின் பக்கத்தைத் திறந்தாள். யாகூபின் கணக்கை முடக்கினாள். பிறகு ரூல்களின் பட்டியலுக்குப் போனாள். அவர் வீட்டிலிருந்து உள்ளே வர வழிவிடும் ரூல் நாற்பத்தொன்றாவதாக இருந்தது. குறிப்புக் கட்டத்தில் அவரே எழுதியிருந்தார்: 'என்னைக் கேட்காமல் அழிக்க வேண்டாம்.'

அதை இரண்டு முறை படித்தாள். அழித்தாள். நிச்சயமாகவா என்று திரை கேட்டது. ஆம் என்றாள். கீழே இருந்தவை ஒவ்வொன்றும் ஒரு எண் மேலே ஏறின. அடக்கத்தன்றும் அவளுக்கு அழுகை வரவில்லை. இப்போதும் எதுவும் வரவில்லை. மணி பன்னிரண்டரை. டிபன் பாக்ஸைத் திறந்து தயிர் சாதத்தை முழுவதும் சாப்பிட்டாள்.

சாயங்காலம் கோட்டைமேட்டு வீட்டில் போட்டோக்கள் பென்டிரைவுக்கு ஏறிக்கொண்டிருந்தன. பள்ளிச் சீருடையோடு இஃப்ரா பக்கத்தில் நின்றாள்.

"இனிமே அத்தா பேர்ல உள்ள போகாதுங்களா அக்கா?"

"போகாது கண்ணு."

"அத்தா பேரை யாரு எடுத்தா?"

"நாந்தான்."

இஃப்ரா அவளையே பார்த்தாள். பிறகு லேப்டாப்பை அவளே மூடினாள். சார்ஜர் ஒயரைச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தாள்.

சாயிரா பானு டீ கொடுத்தார். குடித்துவிட்டு லோகப்பிரியா உக்கடத்தில் பஸ் ஏறினாள். மடியில் லேப்டாப் இன்னும் சூடாக இருந்தது. இப்போதாவது அழுகை வரும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டவுன்ஹால் போனது. காந்திபுரம் வந்ததும் எல்லோரோடும் இறங்கினாள்.