கேட்டுச்சா சார்?

தீவிரவாதத் தாக்குதல் எது நடந்தாலும் அதைப் பற்றிச் சட்டமன்றத்தில் அறிக்கை வைத்தே ஆக வேண்டும் என்று புதுச் சட்டம் வந்ததிலிருந்து ரகுபதிக்குச் சோறு இறங்கவில்லை. முன்பெல்லாம் கோப்பை அலமாரியில் தள்ளிவிட்டால் போதும், மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொள்ளும். இப்போது எம்.எல்.ஏ.க்கள் கேட்பார்கள்: முன்கூட்டியே தகவல் வந்ததா? யாரிடம் வந்தது?

இவரிடம்தான் வந்தது. தாக்குதல் நடந்த அன்று மதியம் எண்ணூர்க் கரையோரக் கண்காணிப்பு அறையில் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்த நேரத்தில், நெட்டுக்குப்பத்து மீனவர் கிருஷ்ணப்பன் கடலிலிருந்து கூப்பிட்டார்.

"சார், நம்பர் எழுதாத போட்டு ஒண்ணு நிலக்கரிக் கப்பலாண்ட நின்னுகினு கீது. கேட்டுச்சா சார்?"

மிதக்கும் பிளாஸ்டிக் கேனைக்கூட விடாமல் சொல்லும் ஆசாமி. 'கேட்டுச்சு' என்று பதில் வரும்வரை ஓயவும் மாட்டார். ரகுபதி எரிச்சலில் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சாப்பிட்டார். டப்பாவைக் கழுவுவதற்குள் அந்தப் படகு வெடித்தது. கப்பல் தொழிலாளிகளோடு, கிட்டே போய்ப் பார்த்த கிருஷ்ணப்பனும் செத்துப்போனார்.

மறுநாள் மதியத்திலிருந்து அந்தக் குரல் வருகிறது. ரகுபதி பிளக்கைப் பிடுங்கினார், பேட்டரியைக் கழற்றினார். "கேட்டுச்சா சார்?" என்கிறது செத்த வயர்லெஸ். பக்கத்து மேசைக்காரர்கள் நிம்மதியாக டீ குடிக்கிறார்கள்.

வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே வழிதான் தெரிந்தது. கிருஷ்ணப்பன் படகில் வயர்லெஸ் பழுது என்று அவர் மனைவி பூவம்மா கையெழுத்துப் போட்டால் போதும். நெட்டுக்குப்பம் போனபோது அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் வயர்லெஸ் ரிப்பேர்தானேம்மா?" என்று காகிதத்தை நீட்டினார்.

"இன்னா சார் இப்டி கேக்குற? நல்லாத்தான பேசுது."

ரகுபதி குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கும் கேக்குதா?"

"கேக்காம இன்னா? நான் 'உம்'னு சொன்னா அது போய்டும். நீ பதில் சொல்லல போல. அதான் வுடாம கூப்டுகினு கீது."

செதில் ஒட்டிய கையால், கையெழுத்துப் போடாமலே காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பூவம்மா அடுத்த மீனை எடுத்தார்.

மறுநாள் மதியம் ரகுபதி தனியாக உட்கார்ந்து, சட்டமன்ற அறிக்கையில் 'முன்தகவல்: ஏதுமில்லை' என்று கணினியில் தட்டினார்.

"கேட்டுச்சா சார்?"

பேட்டரி இல்லாத வயர்லெஸ்ஸின் பொத்தானை அழுத்தினார். "கேட்டுச்சு கிருஷ்ணப்பா. அன்னிக்கே கேட்டுச்சு." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

முதலில் படகில் அலை மோதும் சத்தம் வந்தது.

"எனுக்குத் தெரியும் சார். அவங்களாண்ட சொல்லு."

ரகுபதி அந்த வரியை அழித்தார். 'முன்தகவல்: வந்தது. பெற்றவர்: ரகுபதி. பதில்: தரவில்லை.' அனுப்பிவிட்டு மறுபடி பொத்தானை அழுத்தினார்.

"சொல்லிட்டேன் கிருஷ்ணப்பா. கேட்டுச்சா?"

பதில் இல்லை. டிபன் டப்பா திறக்கப்படாமலே இருந்தது. சாயங்காலம் வரை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.