ஓர்ஷோயா வீட்டு அங்கி

ஓர்ஷோயா வீட்டு இறவாரத்தில் தொங்கிய கம்பளி அங்கி இருபது வருஷத்துக்கு மேலாகக் காயவில்லை. திஸா ஆறு முழங்காலளவுக்கு வற்றிய கோடையிலும் அதன் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அக்கம்பக்கத்தார் வாத்துகளை அங்கேதான் குடிக்க ஓட்டிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண் கேட்க வாய் தேவையில்லை. பிடித்திருந்தால் பையன் ஒரு சாயங்காலம் வந்து பேசியிருந்துவிட்டு, பூவேலை செய்த அங்கியை மறந்ததுபோல் விட்டுப்போவான். விடிந்ததும் வந்து பார்ப்பான். அங்கி வீட்டுக்குள் இருந்தால் சம்மதம். இறவாரத்தில் தொங்கினால் பெண் கிடையாது, எடுத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். யாரையும் முகத்துக்கு நேரே நோகடிக்க வேண்டாம் என்று செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், மார்ட்டோன் அங்கியை விட்டுப்போன நாள்வரை.

அவன்மேல் ஓர்ஷோயாவுக்கு உயிர். ஒயின் ஊற்றும்போது அவனையே பார்த்துக்கொண்டிருந்து அங்கியில் சிந்திவிட்டாள். கறையோடு கொடுப்பதா என்று விடியுமுன் எழுந்து துவைத்தாள். சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் வெளியே இறவாரத்தில் காயப்போட்டாள். மார்ட்டோன் தெருவிலிருந்தே பார்த்தான். ரோஷக்காரன், அங்கியைத் தொடக்கூட இல்லை. அவள் வாசலுக்கு ஓட, அம்மா பின்னலைப் பிடித்து இழுத்தாள்.

“வெட்கங்கெட்டவளே! ஆம்பளையக் கூவிக் கூப்பிடுவியா? ஊரே கைகொட்டிச் சிரிக்கும்.”

“துவைச்சுத்தாம்மா போட்டேன்!”

“அது உனக்குத் தெரியும்டி. தெருவுக்குத் தெரியுமா?”

வெளியே போன அங்கி உள்ளே வராது. சொந்தக்காரனைத் தவிர வேறு கை அதைத் தொடக் கூடாது. ஓர் அங்கி தொங்கும் வீட்டில் இன்னொருவன் தன் அங்கியை விடவும் மாட்டான்; அவள் தனியாகவே நரைத்தாள். பெண் மறுக்கப்பட்டவனிடம் அந்த வீட்டுப் பேச்சை எடுப்பதும் மரியாதையில்லை. ஆகவே சுற்றுப்பட்டு முழுக்கத் தெரிந்த சங்கதி, அக்கரையில் விரோனைக் கட்டிக்கொண்ட மார்ட்டோனுக்கு மட்டும் தெரியாது. ஒரு பெண்ணின் வாழ்க்கையைவிட மரியாதை பெரிதாகப் போயிற்று. நினைத்தால் வயிறு எரிகிறது.

இத்தனை வருஷம் கழித்துக் குதிரைச் சந்தைக்கு வந்த மார்ட்டோன் ஆலங்கட்டி மழைக்கு ஒதுங்கியது அந்த இறவாரத்தில். மழை விட்டு வெயில் அடித்த பிறகும் பிடரியில் சொட்டியது. அண்ணாந்து பார்த்தான்.

“என்ன ஓர்ஷோயா, இன்னும் ஈரமா இருக்கு?”

“துவைச்சுப் போட்டது. காயவே இல்ல.”

“எப்போ துவைச்சே?”

“நீங்க விட்டுட்டுப் போன மறுநாள். கறையாயிடுச்சேன்னு.”

அவன் எட்டி அங்கியைத் தொட்டான். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“நீங்க கேட்டிருக்கலாம்.”

அங்கியை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு மார்ட்டோன் படகேறினான். சொட்டச்சொட்ட வந்து நின்றவனுக்கு விரோன் கதவைத் திறந்தாள். அங்கியை வாங்கி வீட்டுக்குள், கட்டிலோரத்து ஆணியில் மாட்டி, கீழே ஒரு சட்டி வைத்தாள். தினமும் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும்போது அந்தச் சட்டியையும் எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வருகிறாள்.