எதனால் என்று எழுதாத வரி

ஆறிப்போன காப்பியைக் குடித்துக்கொண்டே டாக்டர் கார்ட்னர் கணினியைத் திறந்தார். மற்றச் செய்திகளுக்கெல்லாம் மேலே ரோண்டாவின் கேள்வி சிவப்பாக நின்றது. டாக்டர்கள் எழுதும் குறிப்புகளைப் படித்து, பில்லுக்காக ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போடுவது ரோண்டாவின் வேலை. அவளிடமிருந்து கேள்வி வந்தாலே அந்த ஓஹையோ மருத்துவமனையில் டாக்டர்களுக்கு மூஞ்சி சுருங்கிவிடும். கார்ட்னர் அதைப் பார்க்காத மாதிரி கீழே தள்ளினார்.

பதில் வராததால் அவளே போன் செய்தாள்.

“டாக்டர், ஆர்லீன் ஸ்ட்ரவுட் டிஸ்சார்ஜ் குறிப்பு. நுரையீரல் வீக்கம்னு ஒரு வரி. சிறுநீர்த் தொற்று, மாத்திரை நிறுத்தப்பட்டதுன்னு தனியா ஒரு வரி. ரெண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?”

“எத்தன வருஷமா இந்த வேலை பாக்குறீங்க. உங்களுக்கே தெரியாதா?”

“எனக்குத் தெரிஞ்சத நான் எழுதக் கூடாது. இப்படி எழுதுங்கன்னு உங்களுக்கு எடுத்துக் குடுக்கவும் கூடாது. கேக்கத்தான் முடியும்.”

“பில்லுக்கு ஒரு வார்த்தை கொறையுது, அதானே? பாக்குறேன், விடுங்க.”

‘குறிப்பைப் பார்க்கவும்’ என்று பதில் தட்டிவிட்டு அந்தக் கேள்வியை மூடினார். குறிப்பில் இருந்ததோ அதே இரண்டு வரிகள்தான்.

மனிதர் கெட்டவர் அல்ல. சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுத்த மாத்திரைதான் ஆர்லீனின் நுரையீரலைக் கெடுத்தது என்று கண்டுபிடித்தவரே அவர்தான். அதை நிறுத்தி அவளைப் பிழைக்க வைத்ததும் அவர்தான். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனம் அவர் மண்டைக்குள்ளேயே தங்கிவிட்டது.

சோள அறுவடை முடிந்த சமயம் ஆர்லீன் கணவர் வெர்னனோடு இண்டியானாவில் இருந்த மகள் வீட்டுக்குப் போனாள். அங்கே மறுபடியும் நீர்க்கடுப்பு. கிளினிக் டாக்டர் பொறுப்பாகப் பழைய குறிப்பைத் திறந்து பார்த்தார். எப்போதோ நுரையீரல் வீக்கம், எப்போதோ சிறுநீர்த் தொற்று. ஒன்றால் ஒன்று வந்ததாக எங்கேயும் இல்லை. அதே மாத்திரையை எழுதிக் கொடுத்தார். மூச்சு முட்டத் தொடங்கியதும் சளி என்று நினைத்து, மாத்திரையை விடாமல் விழுங்கினாள் ஆர்லீன், பாவம்.

வெர்னன் அவளை ஊருக்குக் கொண்டுவந்து கார்ட்னரின் மருத்துவமனையில் சேர்த்தபோது எல்லாம் கைமீறிவிட்டது. செயற்கைச் சுவாசக் குழாய் வைத்தும் பிழைக்கவில்லை.

வெளியே நடையில் அவளுடைய மூக்குக்கண்ணாடியைப் பிடித்தபடி வெர்னன் உட்கார்ந்திருந்தார். கார்ட்னர் பக்கத்தில் போய் நின்றார்.

“அந்த மாத்திரை ஒத்துக்காதுன்னு அங்க சொல்லலையா?”

“எங்களுக்குத் தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு. நிறுத்திட்டோம்னு சொன்னீங்க. குணமாயிடுச்சு, அதான் நிறுத்திட்டாங்கன்னு நெனச்சோம். ஏன்னு நீங்களும் சொல்லல, உங்க குறிப்பும் சொல்லல.”

இப்படிப்பட்ட நேரத்தில் அந்த ஊர் டாக்டர்கள் வக்கீலைக் கேட்காமல் வாய் திறப்பதில்லை. கார்ட்னருக்கும் அது தெரியும். ஆனால் அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா நிற்க முடியவில்லை.

“மாத்திரையாலதான் வந்துச்சுன்னு எனக்கு அப்பவே தெரியும், வெர்னன். இங்க வேலை பாக்குறவங்க ஒருத்தங்க கேக்கவும் செஞ்சாங்க. பில்லுக்காகக் கேக்குறாங்கன்னு அலட்சியமா விட்டுட்டேன். தப்பு என்னோடது.”

வெர்னன் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார்.

“இப்ப இறப்புச் சான்றிதழ்ல என்ன எழுதினீங்க?” என்று கேட்டார்.

கார்ட்னர் சொன்னார்: “சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுத்த மாத்திரையினால் நுரையீரல் கெட்டு, அதனால் மரணம்.”

“இது நல்லாப் புரியுது டாக்டர். படிக்காத எனக்கே புரியுது.” வெர்னன் கண்ணாடியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். “எதனால வந்துச்சுன்னு எழுதுறது பில்லுக்காக இல்ல. நாளைக்கு வேற ஒரு டாக்டர் கையில மாட்டப்போற உசுருக்காக. இனிமேலாவது ஆளு உசுரோட இருக்கும்போதே எழுதுங்க.”