முப்பது கையெழுத்து

ராஜகீழ்ப்பாக்கம் மறுவாழ்வு மையத்தில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மனைவிமார்களுக்கும் வகுப்பு உண்டு. குடிக்கிறவர் அவர், வகுப்பு எனக்கா? மூன்றாம் வகுப்பு டீச்சர் சாவித்ரிக்கு வயிறு எரிந்தது.

கணவர் சூர்யநாராயணன் போன மாதம் போலவே எழுந்து நின்று, எல்லார் முன்னாலும் அழுது மன்னிப்புக் கேட்டார். நடுநடுவே இங்கிலீஷ் வேறு. எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். குடித்து ஆபீஸுக்கு மட்டம் போட்ட மனுஷன், அழுவதற்கு மட்டும் ஒரு நாளும் லீவு போட்டதில்லை.

வீட்டில் தினமும் காலையில் மனைவி குடியை நிறுத்தும் மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்குவதைப் பார்த்து, மையம் தந்த அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். முப்பதும் நிறைந்தால் சஸ்பெண்ட் ஆனவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதாக ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். இன்று இருபத்தெட்டாம் நாள்.

கோவளத்து மீன்காரி அங்காளம்மா தன் புருஷனைக் காட்டி ஆலோசகரிடம் சொன்னாள். "வாயத் தொறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில பாத்துகினுதான் சார் கையெழுத்துப் போடறேன். இல்லாங்காட்டி ஏமாத்திடும் இது."

சாவித்ரி முகத்தைச் சுளித்தாள். நாக்குக்கு அடியில் பார்ப்பதாம்! இதுவும் ஒரு பிழைப்பா?

ஆலோசகர் வேதசிரோமணி அவளுடைய அட்டையை வாங்கினார். "மேடம், நாளைக்கும் நாளன்னிக்கும்கூட கையெழுத்து இருக்கே?"

இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் ரிஜிஸ்டரை ஒரே மூச்சில் நிரப்பிப் பழகிய கை. அட்டை கிடைத்த அன்றே முப்பதையும் முடித்துவிட்டது. அந்த முகத்தைத் தினமும் யார் பார்ப்பது?

"மாத்திரையைக் காட்டுங்க சார்."

சூர்யநாராயணன் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். பத்துப் பத்தாக மூன்று பட்டை. ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை.

"ஒரு நாளாவது நீ கையில கொடுத்திருந்தா சாப்பிட்டிருப்பேன் சாவித்ரி."

"பதினாறு வருஷமா குடிக்காதீங்கன்னு சொன்னேனே, அதைக் கேட்டீங்களா?"

யாரும் உச்சுக்கொட்டவில்லை. அங்காளம்மா அவளை இளக்காரமாகப் பார்த்தாள். ஒரு மீன்காரி தன்னை அப்படிப் பார்ப்பதா என்று சுருக்கென்றது. ஆனால் அவள் பார்ப்பதில் தப்பில்லையே என்று நினைத்தபோதுதான் உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். முப்பது கையெழுத்தையும் ஒவ்வொன்றாக அடித்தாள். கீழே, ‘ஒரு நாளும் நான் பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"வேலை போயிடும்டி!" என்று அலறினார் சூர்யநாராயணன்.

"போகட்டும். நான் கண்ணால பார்த்துப் போட்ட கையெழுத்து இது ஒண்ணுதான்."