மில் க்ரீக் விசிறிகள்

ஹோசியா டப்ஸ் வாழ்நாளில் பாதியை அமரர் ஊர்தி ஓட்டியே கழித்தவர். போகும்போது வண்டியில் ஆள் இருக்கும், திரும்பும்போது இருக்காது. செயின்ட் லூயிஸில் கறுப்பர்கள் வாழும் தெருக்களில் அத்தனை நீளமான வண்டி ஒன்று காலியாகத் திரும்பி வருகிறது என்றால் அது அவருடையதுதான். அவருடைய சேகரிப்பு தொடங்கியது அப்படித்தான்.

ஒருவர் இறந்தால் அந்த வாரமே பிள்ளைகள் வீட்டைக் காலி செய்து, வேண்டாததைத் தெருவோரம் குவித்துவிடுவார்கள். கல்லறையிலிருந்து வரும் வழியில் ஹோசியா வண்டியை நிறுத்துவார். கறுப்புக் கோட்டைக் கழற்றி மடித்து முன் இருக்கையில் வைப்பார். பிறகு குவியலைக் கிளறுவார். அடுப்பில் சூடாக்கி முடியை நேராக்கும் இரும்புச் சீப்பு. ரயிலில் பெட்டி சுமந்தவரின் தொப்பி. பள்ளி வாத்தியக் குழுவின் ஒரு பக்கம் கிழிந்த முரசு. ‘கறுப்பர்கள் பின்வாசலுக்குச் செல்லவும்’ என்று எழுதிய தகரப் பலகை. அந்தப் பலகையை யார், எதற்காக வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள் என்று அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை. அதையும் வண்டியில் ஏற்றினார்.

“பொணம் ஏத்துற வண்டியில குப்பைய ஏத்துறியே, வெக்கமா இல்ல?” என்று முதலாளி ஒருநாள் கேட்டார்.

“இதுவரைக்கும் பொணம் எதுவும் புகார் சொல்லல முதலாளி.”

மில் க்ரீக் இல்லாமல் போனதை ஹோசியா இளைஞனாக நின்று பார்த்திருக்கிறார். ஊரிலேயே கறுப்பர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. நகரம் அதற்குச் சேரி என்று பெயரிட்டது. வீடு, கடை, ஆலயம் என்று பார்க்காமல் இடித்துத் தள்ளியது. இடித்த பிறகு நெடுங்காலம் எதையும் கட்டாமல் வெறுந்தரையாகப் போட்டு வைத்திருந்தது. துரத்தப்பட்டவர்கள் அதை ஹிரோஷிமா மைதானம் என்றார்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். அவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் பின்னாளில் ஹோசியா போன நேபோ மலை பாப்டிஸ்ட் சபையின் இருக்கைகளில் பாதிக்கு மேல் உட்கார்ந்திருந்தவர்கள்.

ஹோசியாவின் சேகரிப்பு அவர் வீட்டு நிலவறையில் இருந்தது. ஒரு வசந்தத்தில் சாக்கடைத் தண்ணீர் நிலவறைக்குள் ஏறிவிட்டது. தப்பியதையெல்லாம் மேலே தூக்கி வந்தார். கூடத்தில் நடக்க வழியில்லை, சமையலறையில் நிற்க இடமில்லை. கட்டிலில் ரயில்காரர்களின் தொப்பிகள் படுத்திருந்தன. அவர் நாற்காலியில் தூங்கினார்.

வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்று எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. நேரில் வந்து பார்த்த பெண் நல்லவள், விஷயம் தெரிந்தவள். ஆனால் அந்த இடம் ஒரு நாள் பயணத் தூரத்தில் இருந்தது. மில் க்ரீக்கில் பிறந்த ஒருத்தி தன் அப்பா கடையின் பலகையைப் பார்க்க வேண்டுமென்றால், முன்கூட்டி எழுதிக் கேட்டு, பேருந்து பிடித்து, ஊர் பேர் தெரியாத இடத்தில் இறங்கி, சத்தம் போடாமல் உட்கார்ந்து பார்த்துவிட்டு வர வேண்டும். அப்படி யாரும் போகமாட்டார்கள் என்று ஹோசியாவுக்குத் தெரியும். அவரே போகமாட்டார்.

இன்னொரு வழி இருந்தது. ஆலயத்தை ஒட்டிய பழைய போதகர் வீடு. இப்போதைய பாஸ்டர் விட்லோ புறநகரில் சொந்த வீடு வாங்கிக்கொண்டதால் அது பூட்டிக் கிடந்தது. கூரை ஒழுகாது, சுவர் ஈரமில்லை. அதைச் சேகரிப்புக்குத் தரும்படி ஹோசியா சபையைக் கேட்டிருந்தார். அதை இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் செய்ய வேண்டும் என்றார் சபை நிர்வாகத்தில் இருந்த டீக்கன் ராஸ்கோ. ராஸ்கோ கெட்டவர் அல்ல. வயதான பெண்கள் இரண்டு தெரு தள்ளிக் காரை நிறுத்திவிட்டு, குதிகால் செருப்போடு வெயிலில் நடந்து வருவதை ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கிறவர்.

ஜூலை மாதத்து ஞாயிறு ஒன்றில், ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானிப்பதாக ஏற்பாடு. ராஸ்கோ ஜெயித்தால் செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழகத்தின் லாரி வரும்.

ஹோசியா ஒரே ஒரு அட்டைப் பெட்டியை மட்டும் ஆலயத்துக்குக் கொண்டுவந்தார். உள்ளே விசிறிகள். ஏசி வருவதற்கு முன்னால் சவ அடக்க நிலையங்கள் ஆலயங்களுக்கு இலவசமாகக் கொடுத்தவை. தடித்த அட்டை, மரக்குச்சி. ஒரு பக்கம் படம், மறுபக்கம் விளம்பரம். மில் க்ரீக் ஆலயங்களில் எத்தனையோ இறுதி ஆராதனைகளில் வீசிய விசிறிகள். ஒவ்வொன்றையும் மெல்லிய தாளில் சுற்றி வைத்திருந்தார். யாரையும் தொட விடமாட்டார். “என் கையைப் பிடிச்சதைவிட அந்த அட்டையத்தான் நீ அதிகமாப் பிடிச்சிருக்க” என்று அவர் மனைவி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேச எழுந்ததும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டலாம் என்பது திட்டம். பெட்டியை முகப்பு அறை மேசையில் வைத்து, தாள்களைப் பிரித்துத் தயாராக அடுக்கினார். வாய் உலர்ந்தது. தண்ணீர் குடிக்கக் கீழே சமையலறைக்குப் போனார். அங்கே கூட்டத்துக்குப் பிறகான சாப்பாட்டுக்குக் கோழி பொரிந்துகொண்டிருந்தது. கோழி பொரித்த பெண் தன் மூட்டுவலியைப் பற்றி முழுக்கச் சொல்லி முடிக்காமல் அவரை விடவில்லை.

அந்த நேரத்தில்தான் ஏசி நின்றுபோனது.

வாசல் ஊழியக்காரிகளின் தலைவி மொசெல். அந்தப் பெண்கள் வெள்ளை உடையும் வெள்ளைக் கையுறையும் அணிந்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்து, இருக்கைகளுக்கு நடுவேயுள்ள வழியில் சிலை மாதிரி நிற்பவர்கள். வாய் திறந்து பேசமாட்டார்கள். எல்லாம் கைச் சைகைதான். மொசெல் இரண்டு விரல் தூக்கினால் இருவர் நகர்வார்கள். புழுக்கத்தில் ஒரு பெண் பாட்டுப் புத்தகத்தால் விசிற ஆரம்பித்தாள். மொசெல் திரும்பிப் பார்த்தாள். முகப்பு அறை மேசையில், அவள் சிறுவயதில் விசிறிப் பெட்டி எங்கே இருக்குமோ அதே இடத்தில், ஒரு பெட்டி நிறைய விசிறிகள். யோசிக்க அதில் ஒன்றுமில்லை. கையைத் தூக்கினாள்.

ஹோசியா படியேறி மேலே வந்தபோது பாஸ்டர் கூட்டத்தைத் தொடங்க ஜெபித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கண்மூடியிருந்தார்கள். எல்லோர் கையிலும் அவருடைய விசிறிகள் ஆடிக்கொண்டிருந்தன.

அவர் ஓரடி எடுத்து வைத்தார். ஒரு வெள்ளைக் கையுறை அவர் மார்பில் வந்து நின்றது. ஜெபம் நடக்கும்போது இந்த ஆலயத்தில் யாரும் நடக்க முடியாது. மேயர் வந்தாலும் நடக்க முடியாது. கடைசி வரிசையில் ஒரு குழந்தை விசிறியின் குச்சியைக் கடித்துக்கொண்டிருந்தது. பாஸ்டர் விட்லோ நோயாளிகளுக்காகவும் பயணிகளுக்காகவும் ஏசியைப் பழுதுபார்க்க வரப்போகும் ஆளுக்காகவும் நிதானமாக ஜெபித்தார்.

ஆமென் வந்ததும் மொசெல் பக்கத்தில் வந்தாள்.

“நல்ல வேளை கொண்டுவந்தீங்க பிரதர். இல்லேன்னா பாதிப் பேர் மயங்கி விழுந்திருப்பாங்க.”

“அது குடுக்குறதுக்குக் கொண்டுவந்தது இல்ல.”

மொசெல் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சபையைப் பார்த்தாள். “அய்யோ, அந்தப் பெட்டியா.” குரலைத் தாழ்த்தினாள். “இப்பவே திருப்பி வாங்கிடவா? ஒரு கை காட்டினாப் போதும்.”

அதற்குள் ராஸ்கோ எழுந்துவிட்டார்.

“பிரதர் ஹோசியாவ நான் மதிக்கிறேன். எங்கப்பாவ ஏத்திட்டுப் போனவர் அவர். அதுக்காகக் கிழிஞ்ச அட்டைக்கும் துருப்பிடிச்ச தகரத்துக்கும் ஒரு வீட்டையே எழுதி வைக்கணுமா? உசிரோட இருக்கறவங்களுக்கு ஒரு வசதி வேணாமா?” பேசப்பேச அவருக்கு வியர்த்தது. பேசப்பேசப் பலமாக விசிறிக்கொண்டார்.

பாடகர் குழுவில் தாழ்ந்த குரலில் பாடும் எஸ்ரா இருந்த இடத்திலிருந்தே சொன்னார். “அப்ப மொதல்ல அந்தக் கிழிஞ்ச அட்டையக் கீழ வை டீக்கன்.”

“இது விசிறிப்பா.”

“திருப்பிப் பாரு.”

ராஸ்கோ திருப்பிப் பார்த்தார். சபையில் எல்லோரும் தங்கள் கையில் இருந்ததைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு கணம் விசிறல் நின்றது.

“லாட்டன் தெரு,” என்று விளம்பரத்தில் இருந்த முகவரியைப் படித்தாள் ஒருத்தி. “எங்க வீடு லாட்டன் தெருவுலதான் இருந்துச்சு.”

“இந்தப் பாடகர் குழு படத்துல ரெண்டாவது வரிசை எங்க சின்னம்மா. சத்தியமா அவதான். அந்தப் பல்லப் பாரு.”

“இந்த சவ அடக்க நிலையத்துக்குப் பக்கத்துலதான முடிவெட்டற கடை?”

“பக்கத்துல இல்ல, எதுத்தாப்புல,” என்றார் எஸ்ரா. “தெருவுக்கு இடது பக்கம்.”

“வலது பக்கம். எங்கப்பா அங்கதான் வெட்டிக்குவாரு.”

“உங்கப்பா தலையப் பார்த்தா அவர் எங்கயும் வெட்டிக்கிட்ட மாதிரி தெரியாது.”

சிரிப்பு எழுந்தது. அதற்குள் இன்னொருத்தி விசிறியின் விளிம்பில் பென்சிலால் ஏதோ எழுதியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். பிரசங்கத்தின்போது பேச முடியாது. அதனால் அந்தக் காலத்துப் பெண்கள் விசிறியில் எழுதிப் பக்கத்து இருக்கைக்குத் தள்ளுவார்கள். அவள் உரக்கப் படித்தாள். “‘முன்வரிசைக்காரி போட்டிருக்கும் தொப்பி அவளுடையது இல்லை. அக்காவுடையது. திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.’”

“யாரு எழுதினது?”

“எங்கம்மா கையெழுத்து இல்ல.”

“உங்கம்மா கையெழுத்தேதான்.”

இப்போது ஆலயம் முழுக்கச் சத்தம். வரிசைகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. இருக்கை மேல் சாய்ந்து விசிறிகளை மாற்றிக்கொண்டார்கள். இடிக்கப்பட்ட தெருக்களை மூலைக்கு மூலை, கடைக்குக் கடை, யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது என்பது வரை சண்டை போட்டுச் சண்டை போட்டுத் திரும்ப நிறுத்தினார்கள். இத்தனை வருடம் ஹோசியா அந்த விசிறிகளைத் தனியாகப் பார்த்திருக்கிறார். இந்தச் சத்தம் அவற்றுக்குள் இருந்தது அவருக்குத் தெரியாது.

ஒரு விசிறி குச்சியிலிருந்து பிய்ந்து விழுவதையும் பார்த்தார். வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

“வாங்கிடவா?” என்றாள் மொசெல் மறுபடி. கை பாதி உயர்ந்து நின்றது.

“வேணாம். இருக்கட்டும்.”

பாஸ்டர் மேசையைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோய், கடைசியில் ஹோசியாவைப் பேசச் சொன்னார். சட்டைப் பையில் எழுதி வைத்திருந்த பேச்சை அவர் எடுக்கவில்லை.

“உங்க கையில இருக்கறது ஒரு பெட்டிதான். மிச்சமெல்லாம் என் வீட்டுல இருக்கு, கட்டில் மேலகூட. செவ்வாய்க்கிழமை லாரி வந்தா எல்லாம் போயிடும். நல்ல எடத்துக்குத்தான் போகும், பத்திரமா இருக்கும். ஆனா முடிவெட்டற கடை எந்தப் பக்கம்னு அங்க யாரும் சண்டை போட மாட்டாங்க. அவ்வளவுதான்.”

உட்கார்ந்துவிட்டார்.

ராஸ்கோவின் தீர்மானத்துக்கு ஆதரவாக எழுந்து நிற்கச் சொன்னார்கள். ராஸ்கோ எழுந்தார். அவர் மனைவி பாதி எழுந்து, சுற்றிலும் பார்த்து, பாவாடையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். இன்னும் சிலர் எழுந்தார்கள். அவர்களும் நேர்மையான ஆட்கள்தான். பிறகு ஹோசியாவின் கோரிக்கைக்கு எழச் சொன்னார்கள். எண்ண வேண்டிய அவசியமே வரவில்லை. விசிறிகளைப் பிடித்தபடியே சபை எழுந்தது. முட்டி வலிக்காரர்கள் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். எழ முடியாத ஒருவர் உட்கார்ந்தபடி விசிறியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

“இடது பக்கம்,” என்றார் எஸ்ரா, நின்றுகொண்டே.

ராஸ்கோ தோல்வியை ஏற்றுக்கொண்டார். ஆனால் கேட்காமல் விடவில்லை. “சரி, கார எங்கதான் நிறுத்தறது?”

“ரெண்டு தெரு நடந்து வா டீக்கன். வயிறு கொஞ்சம் குறையட்டும்,” என்றாள் அவர் மனைவி.

இன்று அந்த வீட்டு முன்னறைச் சுவரில் மில் க்ரீக்கின் பெரிய வரைபடம் ஒன்று தொங்குகிறது. சபை ஆட்கள் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல வரைந்தது. அதில் அந்த முடிவெட்டும் கடை தெருவின் இரண்டு பக்கமும் இருக்கிறது. இரண்டு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. ஹோசியா இறந்து வருடங்கள் ஆகின்றன. சண்டை மட்டும் நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்தால் அவர்களும் ஒரு பக்கம் சேர்ந்துகொள்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, விசிறிகள் பெட்டிக்குத் திரும்பியதும் எல்லோரும் கோழியை நினைத்துப் படியிறங்கத் தொடங்கினார்கள். மொசெல் வாசலை மறித்து நின்றாள்.

“எங்க போறீங்க? சாமானக் கொண்டுவர இன்னொரு நாள் எதுக்குக் காத்திருக்கணும்? அவர் வீடு மூணு தெரு தள்ளித்தான இருக்கு.”

“கோழி ஆறிடும் சிஸ்டர்,” என்றார் பாஸ்டர்.

“ஆறட்டும்.”

அவள் கையைத் தூக்கினாள். ஊழியக்காரிகள் இருவர் இருவராக நகர்ந்தார்கள். அவர்கள் பின்னால் பாடகர் குழு, அதன் பின்னால் சபை. எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில். ஹோசியாவின் வீட்டுக் கதவு அகலத் திறந்தது. கட்டிலில் கிடந்த தொப்பிகள் கைமாறிக் கைமாறிப் படியிறங்கின. வெள்ளைக் கையுறைகள் முரசைத் தூக்கின. ‘பின்வாசலுக்குச் செல்லவும்’ பலகையை ராஸ்கோ கேட்காமலேயே எடுத்து, எழுத்து உள்பக்கமாக இருக்கும்படி கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

வரிசை தெருவில் இறங்கியது. ஹோசியா முன்னால் நடந்தார், பழக்கதோஷத்தில் மிக மெதுவாக. எதிரே வந்த கார்கள் ஒவ்வொன்றாக ஓரம் ஒதுங்கி நின்றன. வெள்ளை உடையில் வரிசை வருகிறது என்றால் இந்தப் பக்கத்தில் யாரும் தாண்டிப் போகமாட்டார்கள். விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்பார்கள், ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். பேருந்தும் நின்றது. ஓட்டுநர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“யாரும்மா தவறிட்டாங்க?”

“யாரும் சாகல,” என்றாள் மொசெல். “வழியவிடு.” பிறகு ஹோசியாவின் பக்கம் திரும்பினாள். “பிரதர், கொஞ்சம் வேகமா நடங்க. இது அந்த ஊர்வலம் இல்ல.”

அவர் வேகத்தைக் கூட்டினார். எஸ்ரா பின்னாலிருந்து பாட்டைத் தொடங்கினார், வேகமான பாட்டு. பேருந்துக்காரர் ஹாரனை நீளமாக அழுத்தினார். நின்றிருந்த கார்களும் அழுத்தின. போதகர் வீட்டுப் படியில் ஹோசியா கால் வைத்தபோது, வரிசையின் கடைசி ஆள் மூன்று தெருவுக்கு அப்பால் ஹோசியாவின் வீட்டுக்குள் சாமான் எடுக்க அப்போதுதான் நுழைந்துகொண்டிருந்தார்.