பத்து உரைகள், பன்னிரண்டரை அடி

ஏழாவது உரைக்கு மறுநாள் காலை, தையற்காரி உட்கூரைக்கு ஒரு சாண் கீழே மல்லாந்து மிதந்தபடி பல் துலக்கிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் பம்ப் மெக்கானிக் காய்ந்த தரையில் நின்று அண்ணாந்து பார்த்து, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டான். "ஏங்க, என்னப் பாத்தா தண்ணிக்கு அல்லாடுறவ மாதிரியா இருக்கு?" என்றாள் அவள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்ததில் அவள் மூக்குக்குள் தண்ணீர் போய்விட்டது. அவள் இருமி முடிக்கும்வரை அவன் கீழே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

வரலாறு, இலக்கியம், தத்துவம் எல்லாம் பல்கலைக்கழகத்து மதிலுக்குள்ளேயே கிடந்து மட்கிப்போகக் கூடாது, ஊர் சனங்களிடமும் போய்ச்சேர வேண்டும் என்று, மேட்டில் இருந்த பல்கலைக்கழகம் அந்த வருடம்தான் கீழே ஒரு நிறுவனத்தைத் திறந்திருந்தது. பெயர்ப்பலகையில் மானுடப் புலங்களுக்கான நிறுவனம் என்று இருக்கும். தெருக்காரர்கள் வாய் வலிக்காமல் நிறுவனம் என்று மட்டும் சொன்னார்கள். மூடிப்போன வங்கிக் கட்டடம் அது. பெட்டக அறையின் இரும்புக் கதவை யாராலும் கழற்ற முடியாததால் மடக்கு நாற்காலிகளை உள்ளே அடுக்கிக் கதவைத் திறந்தபடியே விட்டிருந்தார்கள். சனிக்கிழமை நான்கு மணிக்கு உரை, பிறகு தேநீரும் இரண்டு பிஸ்கட்டும், கடைசியில் ஐந்து கேள்விகள் கொண்ட கருத்துப் படிவம். முதல் தொடருக்கு 'உங்கள் காலடியில்' என்று தலைப்பு. உரையாற்ற வந்த பேராசிரியை எப்போதும் சுருட்டிய தாள் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்ததால் அவருக்கு வரைபடத்தம்மா என்று பெயர் விழுந்தது. நல்ல மனுஷி. யார் என்ன கேட்டாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து முழுதாகக் கேட்டுக்கொள்வார்.

முதல் உரையில் அவர் வரைபடத்தை விரித்து, கீழே இருக்கும் தெரு முழுவதும் ஒரு காலத்தில் ஏரி, நாம் உட்கார்ந்திருக்கும் இடம்தான் அதன் கரை என்று காட்டினார். நாற்பது பேர் கைதட்டினார்கள். நாற்பது பேரும் வங்கிப் படிகளில் இறங்கித் தெருவில் கால் வைத்தபோது கெண்டைக்கால்வரை தண்ணீர் நின்றது. உரைக்கு வராதவர்களுக்கு அதே தெரு காய்ந்து கிடந்தது. ஒரு உரைக்கு ஒன்றேகால் அடி என்று நீர் ஏறியது. வராமல் நின்றுகொண்டவர்களுக்கு ஏறவில்லை, இறங்கவும் இல்லை. தையற்காரி தைத்துக் கொடுத்த பள்ளிச் சீருடைகள் அவள் கையில் இருக்கும்வரை சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், வாங்கிப்போகிறவர் கைக்கு மாறியதும் மொரமொரவென்று இருக்கும். ஒரே வீட்டில் கணவன் செருப்புப் புழுதியோடு நடந்தான், மனைவி இடுப்பளவு நீரைக் கையால் விலக்கி விலக்கி நடந்தாள். அவன் பட்டறையிலிருந்து பெரிய பம்பைக் கொண்டுவந்து அடுக்களையில் வைத்து ஓட்டினான். உறிஞ்சுவதற்கு அவன் பக்கம் காற்றுதான் இருந்தது. கால் மணி நேரத்தில் மோட்டார் புகைந்து உள்ளே இருந்த கம்பிச்சுருள் கருகியது. முப்பது வருடத் தொழிலில் அவன் ஒரு மோட்டாரையும் தண்ணீரில்லாமல் வறட்டு ஓட்டம் ஓட்டிக் கெடுத்தவனில்லை. அன்று வேண்டுமென்றே கெடுத்தான்.

தண்ணீரைப் பற்றி எல்லோரும் படிவத்தில் எழுதத்தான் செய்தார்கள். இந்த உரை உங்களை எவ்வாறு பாதித்தது என்ற கேள்விக்கு, இடுப்புவரை என்று இருபத்தாறு பேர் எழுதினார்கள். கழுத்துவரை, மூச்சு முட்டுகிறது என்று அடுத்தடுத்த வாரங்களில் எழுதினார்கள். நிறுவனத்தில் இருந்தவர்கள் அதையெல்லாம் படித்துவிட்டு, எளிய மக்களிடம் எவ்வளவு அழகான படிமங்கள் என்று வியந்து, ஆண்டறிக்கையில் தனிப்பக்கம் ஒதுக்கி அச்சிட்டார்கள். ஆறாவது உரைக்கு மறுநாள் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் தன் கட்டிலில் இறந்து கிடந்தார். மெத்தை காய்ந்திருந்தது, வாய்க்குள் பச்சைப் பாசி இருந்தது. மருத்துவர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். எழுத்தருக்கு நீச்சல் தெரியாது. தையற்காரிக்கும் தெரியாது. அவள் மிதக்க மட்டும் கற்றுக்கொண்டு, தூங்கும்போது அடித்துப்போகாமல் இருக்க ஒரு காலைச் சன்னல் கம்பியில் கட்டிக்கொள்வாள்.

போகாமல் இருந்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். பம்ப் மெக்கானிக்கும் தினமும் அதைத்தான் கேட்டான். ஐந்தாவது உரையில் வரைபடத்தம்மா ஏரிக்குள் ஒரு திட்டு இருந்ததையும், அதில் பதினோரு குடும்பங்கள் இருந்ததையும், ஏரியைத் தூர்க்க வேண்டும் என்று சிலர் முடிவெடுத்தபோது அவர்கள் எழுந்து போக மறுத்ததையும் சொல்லியிருந்தார். ஏழாவதில் அந்த வீடுகளின் அளவுகளை வாசித்தார். "ஒரு வீடு சரியா நம்ம அடுக்களையிலதான் இருந்திருக்குங்க," என்றாள் தையற்காரி. "வாசல் அந்தப் பக்கம். அந்த வீட்டுக்காரிக்கு என்னாச்சுன்னு தெரியாம பாதியில எப்படி எந்திரிச்சு வர்றது?" அவன் அளவு நாடாவை வைத்து உயரத்தை அளந்தான். தரையிலிருந்து உட்கூரை ஒன்பதரை அடி. தண்ணீர் எட்டே முக்கால். எட்டாவது உரை காதில் விழுந்தால் வீட்டுக்குள் மூச்சுவிட இடம் இருக்காது.

திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போகாமல் நிறுவனத்துக்குப் போனான். தொடரை நிறுத்தச் சொன்னான். நிகழ்ச்சி அலுவலர், பத்து என்று அச்சடித்தாகிவிட்டது என்று துண்டறிக்கையை எடுத்துக் காட்டி, ஒரு கருத்துப் படிவத்தையும் பேனாவையும் அவன் முன்னால் வைத்தார். வரைபடத்தம்மா மட்டும் தலையைச் சாய்த்து முழுதாகக் கேட்டார். கண் கலங்கினார்.

"நீங்க சொல்ற இந்தப் படிமம் எனக்கு ரொம்ப நாளைக்கு மறக்காதுங்க."

"படிமம் இல்லம்மா. வீடு. என் பொண்டாட்டி கூரையில மூக்க வச்சுட்டுக் கிடக்கா. ஒரு தடவ வந்து பாருங்க."

பத்தாவது உரை முடியட்டும், கண்டிப்பாக வருகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். அவர் குடியிருந்தது மேட்டில். நிறுவனம் இருந்தது கரையில். தெருவின் ஒவ்வொரு வளைவும் அவருக்கு மனப்பாடம். தெருவுக்குள் அவர் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

அவன் நேரே வீட்டுக்கு வந்து மொட்டைமாடியில் ஏறி உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்தான். தளம் கனமானது, கம்பி நெருக்கமாகக் கட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு தட்டு போகிற அளவுக்குத்தான் துளை விழுந்தது. சனிக்கிழமை அவள் உரைக்குப் போகவில்லை, அவனுக்காக. ஆனால் ஐந்தரை மணிக்குப் பக்கத்து வீட்டுத் துணி தேய்ப்புக்காரி உரை கேட்டுவிட்டு மின்கம்பிகளுக்குக் கீழே கைவீசி நீந்தி வந்து, சன்னலுக்கு மேலே இருந்த காற்றுத் துவாரத்தில் வாயை வைத்து, "அக்கா, நீ வரலையே, கேளு," என்று ஆரம்பித்துவிட்டாள். யாரிடமிருந்து கேட்டாலும் கேட்டதுதான். மாடியில் இருந்த பம்ப் மெக்கானிக்கின் காலடியில், துளை வழியாக முதலில் அவளுடைய விரல்கள் வந்தன. பிறகு நெற்றி, மூக்கு, வாய். தோள் வரவில்லை. அவன் தூள் விழாமல் அவள் கண்ணைத் துண்டால் மூடிவிட்டு, அவள் காதோரத்தில் கம்பி கம்பியாக அறுத்தான். இருட்டுவதற்கு முன் தோள் வந்தது. இழுத்தபோது ஊறிய மூட்டைபோல் கனத்தாள். வறண்டவன் கைக்கு நனைந்தவளைத் தூக்கும் வலு இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. அவளாகவேதான் முட்டியை ஊன்றி ஏறினாள்.

ஒன்பதாவது உரைக்கு அவள் போனாள், அவன் தடுக்கவில்லை. பத்தாவது உரை நாளன்று மதியம் அவன் சோற்றுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, மாடியிலிருந்த அவளிடம், துளைக்குக் கீழே சாத்தியிருந்த ஏணியின் அடியில் நின்று சொன்னான்.

"முதல்ல இருந்து சொல்லு. ஒன்பதையும் சொல்லு."

"உங்களுக்கென்ன கிறுக்கா? ஒருத்தராவது காஞ்சு இருக்க வேண்டாமா?"

"காஞ்சவன் கையி உனக்கு எதுக்கு ஆகும்? சொல்லுன்னா சொல்லு."

அவள் துளையின் விளிம்பில் படுத்துக் கீழே பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். ஏரியில் என்ன மீன் இருந்தது என்று சொன்னபோது அவன் முட்டி நனைந்தது. கரையைக் கட்டியவர்கள் யார் என்று சொன்னபோது நனைந்த நாய் நடுங்குவதுபோல் ஒருமுறை நடுங்கினான். பதினோரு குடும்பங்களுக்கு வந்தபோது தரை அவனை விட்டது. சொல்லச் சொல்ல அவன் மேலே வந்தான். சுவர்க் கடிகாரத்தைத் தாண்டி, பரணைத் தாண்டி, முகத்தை அவளை நோக்கி நிமிர்த்தியபடி வந்தான். நடுவில் ஒரு இடத்தில் அவள் நிறுத்தி முகத்தைத் துடைத்தாள். "நிறுத்தாத, இப்ப நிறுத்துனா பாதியில மாட்டிக்குவேன்," என்றான் அவன். எட்டாவதைச் சொல்லி முடித்தபோது அவன் கை அவள் கைக்கு எட்டியது. கிணறு கிணறாக இறங்கிப் பழகியவன். இரண்டே உதையில் மாடிக்கு ஏறி வந்துவிட்டான். ஒன்பதாவதை அவர்கள் மாடியில் முட்டளவு நீரில் நின்று முடித்தார்கள். பிறகு அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவன் நீந்த, இருவரும் பத்தாவது உரைக்குப் போனார்கள்.

அந்த உரையில் ஏரியைத் தூர்த்தவர்கள் யார், எந்தெந்த வீட்டின் முன்னோர்கள், பதினோரு குடும்பங்களும் உள்ளே இருக்கும்போதே மண் கொட்டச் சொன்ன வாய் எது என்பதையெல்லாம் வரைபடத்தம்மா பெயரோடு வாசித்தார். அதை இங்கே எழுதவில்லை. ஒன்பது உரைகளிலிருந்தும் கூட அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிள்ளிப் போட்டிருக்கிறது. உங்களில் தரையில் பாய் போட்டுப் படுப்பவர்கள் இருப்பீர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள்.

அன்று யாரும் கைதட்டவில்லை. தேநீர் ஆறிப்போனது. வாக்கை மறக்காத வரைபடத்தம்மா, வாங்க உங்க வீட்டைப் பார்க்கலாம் என்று தானே கிளம்பினார். வேண்டாம், நில்லுங்கள் என்று தம்பதி இரண்டு பேரும் கத்தக் கத்த, கடைசிப் படியிலிருந்து தெருவில் கால் வைத்தார். பத்தையும் முழுக்க அறிந்தவர் அவர் ஒருவர்தான். குமிழிகூட எழும்பாமல் பன்னிரண்டரை அடி கீழே போனார். பம்ப் மெக்கானிக் பாய்ந்து, தலைமுடியைப் பிடித்து மேலே கொண்டுவந்தான். படியில் கிடந்து நெடுநேரம் பாசி பாசியாகக் கக்கிய பிறகு, அவர் தையற்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை நாளும் இதுக்குள்ளயா இருந்தீங்க?" என்று கேட்டார். அவள் அவருடைய முதுகைத் தடவிக் கொடுத்தாள். மறுவாரம் அவர் ஆண்டறிக்கையில் படிமம் என்ற சொல்லை அடித்துவிட்டுத் தண்ணீர் என்று எழுதி அனுப்பினார். மேட்டிலிருந்தவர்கள் பரிசீலித்துவிட்டுப் படிமம் என்பதே பொருத்தம் என்று பழையபடி மாற்றிக்கொண்டார்கள்.

தெருக்காரர்கள் இப்போது மாடிகளில் இருக்கிறார்கள். தையற்காரி நீந்தக் கற்றுக்கொண்டாள். அவனுக்குச் சமமாகப் போவாள். வாடகைக்குப் புதிதாக வருகிறவர்கள் கீழே வறண்டு நடமாடுகிறார்கள், மேலே இருப்பவர்கள் ஏன் காற்றில் கை வீசுகிறார்கள் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. நிறுவனம் அடுத்த தொடரை அறிவித்துவிட்டது, வேறொரு பேராசிரியர், வேறொரு தெரு. எண்பது வருடத்துக்கு முன் சந்தைத் தெருவில் பிடித்த தீயைப் பற்றி எட்டு உரைகள். சந்தைத் தெருவிலிருந்து இரண்டு பேர் வந்து, போகலாமா வேண்டாமா என்று கேட்டார்கள். பம்ப் மெக்கானிக் மனைவியைப் பார்த்தான். போகாதீர்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "உள்ள யாராவது இருந்தாங்களாமா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் என்றார்கள் அவர்கள். மூன்று நாளில் நாற்காலி எல்லாம் பதிவாகிவிட்டது. பதிவு செய்தவர்கள் வீட்டிலிருந்த மரச்சாமான்களையும் துணிமணிகளையும் வெளியூர் உறவினர்களிடம் அனுப்பிவிட்டுச் சனிக்கிழமைக்காகக் காத்திருக்கிறார்கள்.